எது அருகில்?

கட்டுநாயக்கவிலிருந்து லண்டன் எவ்வளவு தூரம் என்று என்னிடம் முதன்முதலில் கேட்டவர் என் உம்மா. அது 1993ஆம் ஆண்டு, தம்பி விமானம் ஏறிய மறுவாரம். நான் அப்போது வவுனியாவில் ஒரு பாடசாலையில் சமூகக்கல்வி கற்பித்துக்கொண்டிருந்தேன். பாடசாலையின் பூகோள உருண்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து, தையல் நூலின் ஒரு நுனியை லண்டனிலும் மறு நுனியைக் கொழும்பிலும் அழுத்திப் பிடித்து, அளவுத்திட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, சுமார் 8,700 கிலோமீற்றர் என்று சொன்னேன். உருண்டையில் நூலை இறுக்கினால் அது தானாகவே மிகக் குறுகிய வழியில் போய் நிற்கும்; சுவரில் தொங்கும் தட்டைப் படத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறினால் அந்த வழி வராது. இதையும் விளக்கப் போனேன். உம்மா அதைக் காதில் வாங்கவில்லை.

"அது எத்தின நாள் பயணம்?"

"அரை நாளும் இல்ல உம்மா. பத்து, பதினொரு மணித்தியாலம்."

"அப்ப யாழ்ப்பாணத்தவிடக் கிட்டத்தானே."

அவர் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை. வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் ஏறத்தாழ 140 கிலோமீற்றர். நல்ல காலத்தில் காலைச் சாப்பாட்டுக்குப் பின் பஸ் ஏறினால் பகல் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியால அவகாசத்தில் சோனகத் தெருவிலிருந்து வெளியேற்றப்பட்டு, டிரக்டரிலும் நடையிலுமாக நாங்கள் அந்தத் தூரத்தைக் கடக்க மூன்று நாளாயிற்று. திரும்பிப் போக எத்தனை நாள் என்பதை அப்போது எவராலும் சொல்ல முடியவில்லை. உம்மாவின் கணக்கில் மகன் போன லண்டன் பதினொரு மணித்தியாலம். தான் பிறந்த வீடோ மூன்று வருடம் நடந்தும் வந்து சேராத இடம்.

தூரம் என்பது இரண்டு புள்ளிகளுக்கு இடையே இருப்பது. அது எவருக்கும் சொந்தமில்லை. பயண நேரம் அப்படியல்ல. யாருடைய பயணம், எந்த வருடம், எந்தக் கடவுச்சீட்டு, எந்தச் சோதனைச் சாவடி என்பனவெல்லாம் அதற்குள் இருக்கின்றன. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் எங்கள் நகரத்தில் இருந்தவர்களுக்கு இது பாடப்புத்தகம் இல்லாமலே விளங்கியது. வடக்கே 140 கிலோமீற்றர் போக வேண்டியவர் முதலில் தெற்கே கொழும்புக்குப் போக வேண்டும். வவுனியாவை விட்டு வெளியேறவே பலருக்குப் 'பாஸ்' வேண்டும். பிறகு இரத்மலானையிலிருந்து பலாலிக்கு விமானம். அது சுமார் 330 கிலோமீற்றர், ஒரு மணித்தியாலப் பறப்பு. அந்தப் பறப்பில் இடம் கிடைக்க வாரக்கணக்கில் காத்திருப்பு. 1998 செப்டம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட பயணிகள் விமானமொன்று மன்னாருக்கு அப்பால் கடலில் வீழ்த்தப்பட்டு அதிலிருந்த எல்லோரும் இறந்துபோனார்கள். ஒரு மணித்தியாலம் என்று அட்டவணையில் எழுதியிருந்த பயணம் அது. (வவுனியாவிலும் ஓர் ஓடுபாதை உண்டு. அது விமானப்படையினது. எங்களுக்குச் சத்தம் மட்டும் வரும்.)

இந்தக் கேள்வி நம்முடைய கிதாபுகளுக்குப் புதிதல்ல. பயணத்தில் தொழுகையைச் சுருக்குவதற்கு எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதைப் பேசும்போது ஷாபிஈ இமாம்கள் இரண்டு மர்ஹலா என்றார்கள். மர்ஹலா என்பது சுமை ஏற்றிய ஒட்டகம் ஒரு நாளில் போகும் வழி. அதாவது அளவுகோலே ஒரு மிருகத்தின் களைப்பு. பிறகு அதனைப் பதினாறு பர்ஸக் என்றும் நாற்பத்தெட்டு மைல் என்றும் நிலத்தில் அளந்து வைத்தார்கள். இன்றைய கணக்கில் 80 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல் என்பவர்கள் பலர். வேறு கணக்குகளும் உண்டு. ஹனபி மத்ஹபில் மூன்று நாள் வழி. இப்னு தைமிய்யாவோ இத்தனை மைல் என்று வரையறை வைப்பதையே ஏற்காமல், மக்கள் வழக்கில் எது பயணமோ அதுவே பயணம் என்றார்.

களைப்பை அளவாக வைத்துத் தொடங்கிய சட்டம், களைப்பில்லாமல் அந்தத் தூரத்தைக் கடப்பவனை என்ன செய்யும்? விமானம் 80 கிலோமீற்றரை ஆறு நிமிடத்தில் கடந்துவிடுகிறது. இருக்கைப் பட்டியை அவிழ்க்கும் முன்பே அந்தத் தூரம் முடிந்துவிடும். இது நம் காலத்துச் சிக்கல் என்று நான் நினைத்திருந்தேன். பிறகுதான் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இமாம் நவவி 'மின்ஹாஜ்' நூலில் இதைத் தொட்டிருப்பதை ஒரு மௌலவி எடுத்துக் காட்டினார். கடலும் தரையைப் போலத்தான். காற்றின் வேகத்தில் கப்பல் அந்த மைல்களை ஒரு மணி நேரத்தில் கடந்தாலும் அவன் சுருக்கித் தொழலாம் என்பது அங்கே உள்ள சட்டம். விமானம் என்ற சொல் இல்லாமலே விமானப் பயணிக்குத் தீர்ப்பு எழுதப்பட்டாயிற்று. எவ்வளவு வேகமாகப் போனாலும் நீ போன தூரம் போன தூரந்தான்.

ஆனால் அந்தச் சட்டத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு. அதை உம்மா தன் உடம்பால் கற்றார். வவுனியா வந்து சேர்ந்த முதல் நாள் நாங்கள் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் இருந்தோம். பெரும்பாலானோர் அங்கிருந்து புத்தளம் பக்கம் போய்விட்டார்கள். பட்டாணிச்சூரில் சாச்சியின் குடும்பம் இருந்ததால் நாங்கள் தங்கிவிட்டோம். எங்களோடு வந்த ஆலிம் ஒருவரிடம் உம்மா கேட்டார், தான் எப்படித் தொழுவது என்று. வழி திறந்தால் அன்றைக்கே புறப்படும் நிய்யத்தோடு இருப்பவர் பதினெட்டு நாள் வரை சுருக்கித் தொழலாம் என்று அவர் சொன்னார். நாலு நாள் தங்குவதென்று முடிவெடுத்தவனுக்கு அந்தச் சலுகை இல்லை. நாளைக்குப் போய்விடுவேன் என்று இருப்பவனுக்குத்தான்.

உம்மா நாளைக்குப் போய்விடுவேன் என்றுதான் இருந்தார். மூட்டையை அவிழ்க்கவில்லை. லுஹர் இரண்டு, அஸர் இரண்டு, இஷா இரண்டு. சாச்சி வீட்டுச் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டுவந்தார். பத்தொன்பதாம் நாள் லுஹருக்கு நாலு ரக்அத் தொழுதார். ஸலாம் கொடுத்த பின் நெடுநேரம் முஸல்லாவை விட்டு எழும்பவில்லை. இரண்டு ரக்அத் கூடுதலாகத் தொழுததற்கு ஒருவர் அப்படி அழுவதை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

2002இல் ஏ9 திறந்தபோது ஓமந்தையிலும் முகமாலையிலும் இறங்கி ஏறி அவரைக் கூட்டிப் போனேன். வீட்டுக்குக் கூரை இல்லை. கிணற்றடியில் கொஞ்சநேரம் இருந்துவிட்டு அன்று மாலையே திரும்பலாம் என்றார். 2006 ஓகஸ்டில் வீதி மறுபடி மூடப்பட்டது. யுத்தம் முடிந்து அது திறந்தபோது அவருக்கு நடக்க முடியாமற் போயிருந்தது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகி, அடுத்த மாதம் சென்னையிலிருந்து விமானம் வந்திறங்கிய செய்தியைப் படித்தபோது உம்மா இருந்திருந்தால் எத்தின நாள் என்று கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

உம்மா 2016 பெப்ரவரியில் ஒரு நாள் சுபஹுக்குச் சற்று முன் மவுத்தானார். நான் எழுத வந்தது உண்மையில் அந்த நாளைப் பற்றித்தான்.

தம்பிக்கு உடனே சொன்னேன். லண்டனில் அப்போது முந்திய நாள் இரவு பதினொன்றரை. கொஞ்சநேரம் பேச்சில்லை. பிறகு, "நானா, உம்மாவ வைச்சிருங்க. நான் வாறன்" என்றான். அரைமணி நேரத்தில் மறுபடி எடுத்தான். நேரடி விமானம் அடுத்த நாள் இரவுதான். காலையில் டோஹா வழியாக ஒன்று இருக்கிறது. டிக்கெட் போட்டுவிட்டேன் என்றான். வானத்தில் மொத்தம் பன்னிரண்டு மணித்தியாலந்தான் நானா என்று சொன்னான்.

நான் ஆசிரியன். கணக்குப் பார்த்தேன். வீட்டிலிருந்து ஹீத்ரோவுக்கு, அங்கே மூன்று மணித்தியாலம் முன்னதாக. டோஹாவில் இடைக் காத்திருப்பு. கட்டுநாயக்கவில் இறங்கி வெளியே வர ஒரு மணித்தியாலம். பிறகு வானில் வவுனியாவுக்கு 240 கிலோமீற்றருக்கு மேல், ஐந்து மணித்தியாலம். வாசலிலிருந்து வாசலுக்கு இருபத்துநாலு மணித்தியாலம். அவன் வந்து சேரும்போது மறுநாள் பகல் பதினொரு மணியாகும். உம்மா மவுத்தாகி முப்பது மணித்தியாலமாகும். அன்று அஸருக்கு அடக்குவதா, மறுநாள் லுஹர் வரை வைப்பதா?

பள்ளியிலிருந்து வந்தவர்கள் முற்றத்தில் கதிரைகளில் இருந்தார்கள். ஜனாஸாவைத் தாமதிக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும்; அது புஹாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸ். ஆனால் வலீ அருகில் இருந்து, விரைவில் வருவார் என்றால், மையித்துக்கு மாற்றம் வரும் என்ற பயமில்லாவிட்டால், காத்திருப்பதில் குற்றமில்லை என்றும் ஷாபிஈ நூல்களில் இருக்கிறது. அப்படியானால் அருகில் என்பது எது? அந்த வரியை எழுதியவர்கள் பக்கத்து ஊரை, அதிகமானால் குதிரையில் அரைநாள் வழியை மனதில் வைத்திருக்கக்கூடும். லண்டன் அருகிலா? மையித்தைக் குளிரில் வைக்கும் வசதி இருக்கும் நகரத்தில் 'மாற்றம்' என்ற நிபந்தனையும் தளர்ந்துவிடாதா? மௌலவி நல்ல மனிதர். இரண்டு பக்கத்தையும் சொன்னார். "முடிவு உங்கட கையில" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் அஸருக்கு என்றேன்.

என் வாதம் அப்போது எனக்கு உறுதியாகத் தெரிந்தது. வலீக்காகக் காத்திருக்கலாம் என்கிறது சட்டம். வலீ நான். மூத்த மகன். இங்கேயே இருக்கிறேன். ஆகவே தம்பிக்காகக் காத்திருப்பது சட்டத்துக்காக அல்ல, அவனுடைய மனதுக்காக. மனதுக்காக உம்மாவை முப்பது மணித்தியாலம் வைத்திருப்பதா? தூரத்தில் இருப்பவனுக்குக் காயிப் ஜனாஸாத் தொழுகை உண்டு. நஜ்ஜாஷி மன்னர் அபிசீனியாவில் இறந்தபோது ரஸூலுல்லாஹ் மதீனாவில் தொழுவித்த முன்மாதிரி இருக்கிறது. வந்தபின் கப்ரடியில் நின்றும் தொழலாம். அவனுக்கு எல்லா வாசல்களும் திறந்தே இருந்தன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அஸருக்குப் பின் அடக்கினோம். அப்போது தம்பி எங்கேயோ வானத்தில், கைத்தொலைபேசி இயங்காத உயரத்தில் இருந்தான்.

பின்னாளில் இப்னு பதூதாவின் பயணக் கதையைப் படித்தபோது ஒரு விஷயம் தைத்தது. தாஞ்சியரை விட்டுப் புறப்பட்டு, எங்கெல்லாமோ சுற்றி, 1344இல் மாலைதீவிலிருந்து நம்முடைய தீவுக்கும் வந்து போனவர் அவர். அந்தக் கடல் வழிக்கு அவருக்கு ஒன்பது நாள் பிடித்தது. இன்று மாலேயிலிருந்து ஒன்றரை மணித்தியாலம். 1348இல் திமிஷ்கில் வைத்துத்தான் தன் வாப்பா பதினைந்து வருடத்துக்கு முன்பே இறந்துவிட்டதை அறிகிறார். உம்மாவின் மவுத்து செய்தி, ஊரை நெருங்கும்போது வழியில் கிடைக்கிறது. கொள்ளைநோய். சில மாதம் முந்தியிருந்தால் கண்டிருக்கலாம். ஆனால் அவர் தன்னைக் குற்றவாளியாக எழுதவில்லை. அந்தக் காலத்தில் செய்தியும் மனிதனும் ஒரே வேகத்தில் பயணம் செய்தார்கள். ஒட்டகமோ கப்பலோ, இரண்டுக்கும் ஒரே வாகனம். தெரிந்தபோது எல்லாம் முடிந்திருக்கும். முடிந்ததற்கு யாரும் பொறுப்பில்லை.

நம் காலத்தில் செய்தி ஒரு நொடியில் போகிறது, உடம்பு இருபத்துநாலு மணித்தியாலத்தில் போகிறது. இடையில் இருக்கும் அந்த நேரத்தில்தான் நம் குற்ற உணர்ச்சிகள் எல்லாம் குடியிருக்கின்றன. தம்பி அந்த நேரம் முழுவதையும் நடுஇருக்கையில் உட்கார்ந்து கழித்தான். விமானம் வேகமாகப் போவதால் தூரம் சுருங்குகிறது என்கிறோம். சுருங்கியது எதிர்பார்ப்புக்கும் சாட்டுக்கும் இடையிலிருந்த இடைவெளி என்று எனக்குப் படுகிறது. முன்பு கடல் தாண்டிப் போனவனை யாரும் ஏன் வரவில்லை என்று கேட்டதில்லை. இப்போது வரலாமே என்ற சொல் எப்போதும் காத்திருக்கிறது. அதே சொல்தான் இங்கே இருப்பவன் மீதும் திரும்புகிறது: வைத்திருந்திருக்கலாமே.

அவன் மறுநாள் பதினொன்றேகாலுக்கு வந்து இறங்கினான். என் கணக்கு கால் மணித்தியாலந்தான் பிழைத்தது. என்னை அணைத்துக்கொண்டான். ஒன்றும் சொல்லவில்லை. நேரே மையவாடிக்குப் போனோம். ஈரம் காயாத மண்ணுக்கு முன் நின்று அவன் தனியாக ஜனாஸாத் தொழுதான். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். நாலு தக்பீருக்கு அவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து லுஹர். அவன் இரண்டு ரக்அத்தோடு ஸலாம் கொடுத்துவிட்டான். மூன்று நாள் லீவில் வந்தவன், ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறவன்; அவன் முஸாபிர், சட்டப்படி சரி. பிறந்த ஊர் யாழ்ப்பாணம், வவுனியா அவனுக்கு மூன்று வருடம் தங்கிப்போன இடம், குடியிருப்பு லண்டனில். ஆனாலும் உம்மாவின் அறையில், உம்மாவின் முஸல்லாவில், அவன் இரண்டோடு முடித்ததைப் பார்த்தபோது எனக்குள் ஒரு கோபம் வந்தது. உம்மா பதினெட்டு நாள் இரண்டு தொழுததைப் பார்த்தவன் நான். அவரும் முஸாபிராக இருந்தார், போக வேண்டிய ஊர் இருந்ததால். இவனும் முஸாபிராக இருக்கிறான், போக வேண்டிய ஊர் இருப்பதால். ஒரே சலுகை, ஆனால் எனக்கு ஒன்று கண்ணீராகவும் மற்றது அவமானமாகவும் பட்டது. ஏன்?

அந்தக் கோபத்தைத் துருவித்தான் முந்திய நாளின் என் முடிவை நான் மறுபடி பார்க்க நேர்ந்தது. இருபத்துமூன்று வருடம் உம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தவன் நான். மருந்து, வைத்தியசாலை, இரவு விழிப்பு எல்லாம். அவன் பணம் அனுப்பினான், வெள்ளிக்கிழமைகளில் பேசினான். அவன் குரல் கேட்டால் உம்மாவின் முகம் மாறும். நான் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தால் மாறாது. அஸருக்கு என்று நான் சொன்னபோது என் நாவில் ஹதீஸ் இருந்தது, அது உண்மை. அதன் அடியில், நீ தூரத்தைத் தெரிவுசெய்தாய், தூரத்தின் விலையைக் கொடு என்று ஒன்றும் இருந்தது. அதுவும் உண்மை. சரியான தீர்ப்பைத் தவறான மனதோடு சொன்னவனுக்கு என்ன கூலி என்று கேட்டால், அமல்கள் நிய்யத்தைப் பொறுத்தவை என்றுதான் எந்த மௌலவியும் தொடங்குவார். அதற்கு மேல் நான் கேட்கப் போகவில்லை.

தூரத்தை அவன்தான் தெரிவுசெய்தானா என்பதும் தெளிவில்லை. 1990இல் அவனுக்குப் பத்தொன்பது வயது. வவுனியாவில் எங்கள் சாச்சி வீட்டுத் திண்ணையில் மூன்று வருடம் வேலையில்லாமல் இருந்தான். அவனை அனுப்பச் சாச்சியின் காப்புகளை அடகு வைத்தவன் நானேதான். பக்கத்தில் இருப்பதும் எல்லா நேரமும் தெரிவல்ல. எனக்கு அரசாங்க வேலை கிடைத்திருந்தது, அவ்வளவுதான். அதைப் பிற்பாடு தியாகம் என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டேன்.

அல்பிரூனி பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கஸ்னாவிலிருந்து கிப்லாவின் திசையைக் கணக்கிட, ஊர்களுக்கு இடையிலான நேர்த்தூரம் தேவைப்பட்டது. அவரிடம் இருந்ததோ வணிகக் கூட்டங்கள் நடந்து சொன்ன வழித்தூரம் மட்டும். வழி வளைந்து வளைந்து போகும் என்பதால் அதில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொண்டார். வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுக்கும்போது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி. மனிதர்கள் நடந்த களைப்பிலிருந்து வானத்தின் நேர்க்கோட்டைப் பிரித்தெடுத்தவர். தம்பிக்கும் எனக்கும் இடையில் எவ்வளவைக் கழித்தால் நேர்த்தூரம் வரும் என்று நானும் பல வருடமாகப் பார்த்துவருகிறேன். அவன் அந்த அஸரைப் பற்றி ஒருபோதும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

போன வருடம் நானே சொன்னேன், தொலைபேசியில். வைச்சிருந்திருக்கலாம் தம்பி, ஏலாம இருக்கேல்ல, எனக்கு மனமில்லாம இருந்தது என்று. அவன் பக்கத்தில் கொஞ்சநேரம் சத்தமில்லை. 1993இல் நூலை அளந்தபோதும் 2016 சுபஹிலும் இருந்த அதே 8,700 கிலோமீற்றர். "தெரியும் நானா" என்றான். பிறகு என் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தான்.

என் மகள் இப்போது மெல்பேர்னில் இருக்கிறாள். கட்டுநாயக்கவிலிருந்து சுமார் 8,350 கிலோமீற்றர். லண்டனைவிட 350 குறைவு. இந்த முறை உருண்டையும் நூலும் வேண்டியிருக்கவில்லை, பேரன் கைத்தொலைபேசியில் தட்டிச் சொன்னான். நேரடி விமானம் இருந்தால் பத்தரை மணித்தியாலம், வாசலிலிருந்து வாசலுக்கு இருபது பிடிக்கும். வஸிய்யத்துக் கடதாசி ஒன்று எழுதி அலுமாரியில் வைத்திருக்கிறேன். கடன், காணி, பாடசாலைச் சேமலாபம் எல்லாம் அதில் இருக்கின்றன. எத்தனை மணித்தியாலம் காத்திருப்பது என்ற வரியில் முதலில் 'காத்திருக்க வேண்டாம்' என்று எழுதியிருந்தேன். அதை வெட்டிவிட்டேன். புதிதாக இன்னும் ஒன்றும் எழுதவில்லை.